மஞ்சள் மீசை ஈ

மைசூரில் நான் கிளார்க்காக இருக்கும் கல்லூரியில், பழனாத்தாள் அக்கா விலங்கியல் துறை அட்டெண்டர். ஊர் ஹனூர் பக்கம். இருபத்தாறு வருடமாகத் தினக்கூலி. செத்த பூச்சிகளை ஊசியில் குத்தி, அதன் கீழே நகத்தளவு சீட்டில் பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிச் செருகுவார். அந்தப் பொடி எழுத்து துறையில் வேறு யாருக்கும் வராது.

ஒரு சித்திரையில், கேன்டீன் பின்னால் கிடந்த பட்டுப்போன வேப்பங்கட்டையில் ஒரு கொள்ளை ஈயைப் பிடித்தார். பறக்கும் பூச்சியை அந்தரத்திலேயே மறித்து உறிஞ்சிக் குடிக்கும் ஜாதி அது. அவர் பார்த்தவற்றுக்கெல்லாம் வெள்ளை மீசை, இதற்கு மஞ்சள். பேராசிரியர் முதலில் மகரந்தம் ஒட்டியிருக்கும் என்றார். மூன்று மாதம் புத்தகம் புரட்டிய பிறகு, இதுவரை யாரும் பதிவு செய்யாத இனம் என்றார்.

அப்புறம் சீட்டு எழுதச் சொன்னார். பிடித்தவர்: அவருடைய ஆராய்ச்சி மாணவர். இடம்: சாமுண்டி மலை. அட்டெண்டர் பிடித்தது என்று போட்டால் வெளியே மதிக்க மாட்டார்களாம்; எங்கே பிடித்தது என்று அக்காவைக் கேட்கவே இல்லை. அக்கா தன் கையாலேயே எழுதினார். தேன் எடுத்தவருக்குப் புறங்கை நக்கவும் கிடைக்கவில்லை.

ஆனால் பிடித்தது பெண் ஈ. ஆணும் வேண்டும், அப்போதுதான் புது இனத்துக்குப் பெயர் வைக்கலாம் என்று ஆராய்ச்சிப் பத்திரிகை கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. பிடித்த இடத்தைக் கேட்டதற்கு, சீட்டில் இருப்பதுதான் என்றுவிட்டார் அக்கா. மூன்று வருடம் மாணவர்கள் வலையோடு மலையைச் சுற்றினார்கள். ஈயோ சித்திரைதோறும் அதே கட்டையில், அக்கா டீ குடிக்கும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தது.

"சொல்லிடுங்களேன் அக்கா" என்றேன்.

"சொல்றேன் சுலோசனா. எம்பேர அந்தச் சீட்டுல போடட்டும், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிக் காட்டறேன்."

நான் பேராசிரியரிடம் போய், அக்கா பெயரைச் சீட்டில் போடும்படி கேட்டேன். போட்டால் பழைய சீட்டு பொய் என்று ஆகிவிடும் என்றார். அவர் கவலை அவருக்கு.

போன மார்கழியில் கேன்டீனை அகலப்படுத்த ஜேசிபி வந்தது. கட்டை லாரியில் போயிற்று. இந்தச் சித்திரை முழுக்க அக்கா சிமெண்ட் தரையைப் பார்த்தபடியே டீ குடித்தார். ஈ வரவில்லை.

"விடுங்க அக்கா, அவங்களுக்கும் கிடைக்கல" என்றேன்.

"அதோட புழு அந்தக் கட்டைக்குள்ளதாங் கண்ணு இருந்துச்சு. மிசினு வந்த அன்னைக்கு நா இங்கயேதான் நின்னுட்டிருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க. நாஞ் சொல்லல."