எதிராளியின் பைக்கில் கோட்டுக்குப் போனேன்

இன்று மன்னாரில் என்னுடைய வேலி வழக்கு. வங்காலைச் சந்தியில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றேன்.

பக்கத்து வளவு அந்தோனி அண்ணை பைக்கை நிறுத்தினார். என் காணிக்குள் வேலியைத் தள்ளிப் போட்டாரென்று நான் வழக்குப் போட்டிருப்பது அவர்மேல்தான்.

“ஏறும் தம்பி. ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தானே போறம்.”

மனைவியின் ஹெல்மெட்டைத் தந்தார். பாலத்தில் காற்று தள்ளியபோது, “என்ர தோளை வடிவாப் பிடியும்” என்றார். பிடித்தேன்.

கோட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, பைக்கை விட இடம் தேடிப் போனார்.

அதற்குள் எங்கள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் பெயரைக் கூப்பிட்டும் பதிலில்லை. என் சட்டத்தரணி எழும்பி, எதிராளி வராதபடியால் அவர் இல்லாமலே வழக்கை விசாரிக்க வேண்டுமென்று கேட்டார்.

“என்னோடதான் வந்தவர், வெளியில நிக்கிறார்” என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் மனைவியின் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

நல்லவேளை, அவரே ஓடி வந்துவிட்டார். வழக்கை வேறொரு நாளுக்குத் தவணை போட்டார்கள்.

வெளியே வந்ததும் சட்டத்தரணி, “அந்தாள் இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா எங்களுக்குச் சுகமா முடிஞ்சிருக்கும்” என்றார். அந்தோனி அண்ணை பின்னால்தான் நின்றார்.

“ஹெல்மெட்டைப் போடும் தம்பி, போவம்.”

திரும்பும்போது அவர் தோளில் கை வைக்க எனக்கு முகமில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னார்.

“அடுத்த தவணைக்கும் என்னோடயே வாரும். பஸ்ஸை நம்பேலாது.”

வங்காலையிலிருந்து மன்னாருக்கு விடிய முதல் பஸ் எத்தனை மணிக்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.