வசனக்காரி வந்தால் நிற்கும் பேச்சு

தொலைக்காட்சி நிறுவனத்தில் என் அக்காவை எல்லோரும் வசனக்காரி என்றே கூப்பிடுகிறார்கள். அவள் எழுதும் தொடரில் மாமியார் வாயைத் திறந்தால் ஊரே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காரும். இதெல்லாம் ஆரம்பித்தது எட்டாம் வகுப்பில்.

அந்த வருடம் ஆண்டு விழாவுக்கு வழக்கமான ராஜா ராணி நாடகம் வேண்டாம், உங்கள் மனதில் இருப்பதை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார் வகுப்பு டீச்சர். அக்கா மனதில் இருந்தது அப்பா அம்மா சண்டை. மின்விசிறியை யார் நிறுத்துவது என்று தொடங்கும் அந்தச் சண்டையை அட்சரம் பிசகாமல் எழுதிவிட்டாள். மேடையில் அம்மாவாக நின்ற பெண், "நான் செத்தாத்தான் உங்களுக்கு என் அருமை தெரியும்" என்றாள். அப்பாவாக நின்றவள், "அதுக்கும் எனக்கு லீவு கிடைக்காது" என்றாள். அரங்கமே வயிறு குலுங்கச் சிரித்தது. மூன்றாவது வரிசையில் அப்பாவும் அம்மாவும் ஆடாமல் அசையாமல் இருந்தார்கள். அக்காவுக்கு முதல் பரிசு.

வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்று முதல் அவள் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். "வந்துட்டா, பாத்துப் பேசு" என்பார் அப்பா. சண்டையைக்கூடச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டார்கள். நான் உள்ளே போகலாம். எனக்குக் கட்டுரையே எழுத வராது. அக்கா வெளியே உட்கார்ந்து, உள்ளே என்ன பேசுவார்கள் என்று தானாகவே எழுதிப் பழகினாள். அந்தப் பழக்கம்தான் இன்று அவளுக்குச் சோறு போடுகிறது. அவளைப் பெருமையாக நினைப்பதா, பாவம் என்று நினைப்பதா, எனக்கு இரண்டுமே வருவதில்லை.

அப்பா இறந்து பல வருடங்கள் கழித்து, அம்மாவுக்கும் இனி நாள் அதிகமில்லை என்று மருத்துவர் சொன்னார். எங்கள் இருவருக்கும் அழுகை வரவில்லை. மனது மரத்துப்போயிருந்தது. அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள். அவள் காத்திருந்தது ஒன்றுக்குத்தான்: அம்மா தன்னிடம் ஒரு தடவையாவது மனம்விட்டுப் பேச வேண்டும். அவள் தேநீர் வாங்கப் போனால் அம்மா என்னிடம் பேசுவாள். பிறந்த வீடு, அப்பாவின் பிடிவாதம், முதுகுவலி எல்லாம் வரும். அக்கா திரும்பி வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒருநாள் அக்கா தன் பையை, பேனா, போன் எல்லாவற்றோடும், என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான் எதையும் எழுதமாட்டேன்மா. என்கிட்டயும் ஏதாவது சொல்லும்மா."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் போய்விட்டாள்.

வேலைக்குத் திரும்பியதும் அக்கா எழுதிய முதல் காட்சி, சாகக் கிடக்கும் தாய் மூத்த மகளிடம் பேசுவது. நான்கு பக்கம். கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

"அம்மா இப்படித்தான் பேசுவாளா? எனக்குத் தெரியாது, நீதான் சொல்லணும்."

படித்தேன். அம்மா அப்படி ஒரு வார்த்தை பேசக்கூடியவளே இல்லை.

"ஆமாக்கா" என்றேன்.