ஒலிவ் தொட்டியில் முளைத்தது

தொண்ணூறுகளின் நடுவில் சுவிட்சர்லாந்தின் துன் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை செய்தேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்தவன். அந்தத் தகவல் அங்கே ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

ஒரு வசந்தத்தில், இத்தாலியிலிருந்து வந்த ஒலிவ் மரத் தொட்டியொன்றில் ஒரு களை முளைத்தது. மும்மூன்றாகச் சிற்றிலைகள், சின்ன மஞ்சள் பூக்கள். முதலாளியம்மா ஞாயிறுகளில் செடி பார்க்க மலைக்குப் போகும் குழுவைச் சேர்ந்தவர். இதற்குப் பெயர் சொல்பவரை இந்தக் கோடையில் தன் காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அக்கணமே முடிவுசெய்தேன்.

குசினியில் சமைத்த நம்மவர் ஒருவர் இலையைக் கிள்ளி மோந்துவிட்டு, "வெந்தயம்" என்றார். முதலாளியம்மா கைதட்டினார். நான் குறுக்கிட்டேன்.

"வெந்தயத்துக்கு இப்பிடி மஞ்சள் பூவோ தம்பி? காய் வரட்டும், பாப்பம்."

"நீங்கள் சோதினை வச்சு மாக்ஸ் போட்டு முடிக்க, இந்த மனுசி கிழவியாப் போயிடுவா மாஸ்டர்!"

அவரைக் குடும்பத்துச் செடிக்குக் காயைப் பார்க்காமல் பெயர் சொல்வது, வழக்கைக் கேட்காமல் தீர்ப்பெழுதுவதைப் போன்றது. உருப்பெருக்கியோடு தினமும் காவலிருந்தேன். ஒரு காலை போய்ப் பார்த்தால், செடியின் தளிரெல்லாம் காணோம்.

"கீரைபோலக் கிண்டி வறை வச்சிட்டன் மாஸ்டர். தேங்காய்ப்பூவும் போட்டு. முதலாளியம்மா ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ."

"என்ன செடியெண்டு தெரியாமலோ தின்னக் குடுத்தனீர்?"

"வெந்தயமெண்டு சொன்னனானல்லோ!"

மாலைவரை முதலாளியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவாரென்று, கொஞ்சம் நம்பிக்கையோடே, பார்த்திருந்தேன். ஓர் ஏப்பம்கூட வரவில்லை.

தொட்டி விளிம்பின் அடியில் ஒரு கிளை தப்பியிருந்தது. அதில் காய் வந்தது. நத்தை ஓடு போலச் சுருண்டு, சுற்றிலும் கொக்கி முட்களோடு. மெடிக்காகோ பொலிமோர்ஃபா: மத்தியதரைக் கடலோரங்களில் தானாக முளைத்து, ஒரே பருவத்தில் காய்த்து மடியும் களை. வெந்தயத்துக்கு நீண்ட காய். உறவு உண்டு, அதுவல்ல. முதலாளியம்மா உருப்பெருக்கியில் பார்த்து, நான் சொன்னதே சரி என்றார். அடுத்த மூச்சில், "அவரையும் கூட்டிப்போவோமே, அந்த வறை என்ன ருசி!"

காரில் முன் இருக்கை அந்தத் தம்பிக்கு. மலையில் ஒவ்வோர் இலையாகக் கிள்ளி மோந்தார். குழு முழுவதும் அவரைச் சூழ்ந்து நின்று தானும் மோந்தது. என்னிடம் லத்தீன் பெயரைக் கேட்டு, நன்றி சொல்லி, அவரிடமே திரும்பிப் போனார்கள்.

"மாஸ்டர், இது தின்னலாமோ?" என்று தூரத்திலிருந்து கத்தினார்.

தின்னலாம், ஆனால் கசக்கும் என்று எல்லோருக்கும் ஜேர்மனில் விளக்கினேன். அதையே அவர் உடைந்த ஜேர்மனில், முகத்தைச் சுளித்துக் காட்டிச் சொன்னார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். என் ஜேர்மனில் பிழையே இருப்பதில்லை.