படகேறிய மடக்கு நாற்காலிகள்

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எங்கள் தெருவில் வரிசையாக நாலு வீட்டுக் கதவுகள் திறந்தன. யாரும் தட்டவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

எங்கள் வாசலில் என் கணவரின் நண்பர் கலியமூர்த்தி ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் பார்த்தார், அவ்வளவுதான்!

வெளியூர் வாசகர்களுக்கு இது புரியாது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் தெருவுக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஒரு ஷெட். ஷெட்டுக்குள் இரும்பு மடக்கு நாற்காலிகள். ஒரு காலத்தில் கல்யாணம், காதுகுத்து, சங்கத்துக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவைதான். இப்போது? மண்டபத்துக்காரர்களே சேர் போட்டு, அதற்கு வெள்ளை உறை மாட்டி, முதுகில் ரிப்பனும் கட்டிவிடுகிறார்கள். ஆகவே சங்கத்து நாற்காலிகளுக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சம்.

யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் வாசலில் விரிப்பது.

அந்தச் சத்தம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். ‘டடக்’ என்று ஒரு சேர் விரிந்தால் போதும், கதவு திறக்கும். ஒரு தலை எட்டிப் பார்க்கும். அன்றும் அப்படித்தான். எதிர்வீட்டு சார் லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார். எங்கள் வாசலில் என் கணவர் முழு ஆளாக நிற்பதைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. அடுத்த நொடியே ஒரு சந்தேகம்.

“அப்ப... யாருக்கு?” என்றார்.

“யாருக்கும் இல்ல சார். மீன் பிடிக்கப் போறோம்” என்றார் என் கணவர்.

அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

கதை இதுதான். என் கணவர் சுரங்கத்திலிருந்து ரிட்டயர் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்த மனிதருக்கு ஒரே ஆசை: படகில் உட்கார்ந்து, தூண்டில் போட்டு, தன் கையால் ஒரு மீன் பிடிக்க வேண்டும். எதிரி யார் என்றால் அவருடைய வலது முட்டிதான். மடங்கவே மடங்காது. தரையிலோ தாழ்ந்த பலகையிலோ உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

“அதுக்கு இன்னா, சேரு எடுத்துகினு போவோம்” என்றார் கலியமூர்த்தி.

கலியமூர்த்தி, டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து ஊர்க்காரர். கணவரோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். பல வருடம் கான்ட்ராக்ட், அப்புறம்தான் பர்மனென்ட். கிரேன் தூக்குவதற்காக இரும்புச் சாமான்களைக் கயிறு போட்டுக் கட்டுவது அவர் வேலை. அவர் கட்டிய கட்டு அவிழாது என்று சுரங்கத்தில் பெயர்.

எங்கள் வீட்டுச் சேர்களோ, குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்காக ஏற்கெனவே வடக்குத்தில் கட்டிய புது வீட்டுக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது சங்கத்து ஷெட். செயலாளர் சாவியைக் கொடுக்கும்போது, “வேற எங்கயாச்சும் வாங்கிக்கலாமே சார்?” என்று ஒரு மாதிரி இழுத்தார். “இரும்புல என்னங்க இருக்கு?” என்று கேட்டது நான்தான். ஆமாம், வாசகர்களே... நானேதான்!

நாலு நாற்காலிகள் வேனின் பின்னால் ஏறின. கணவர், நான், கலியமூர்த்தி, அவர் மனைவி செல்வி. பரங்கிப்பேட்டைப் பக்கம் ஆற்றோரத்தில் மணிமாறன் என்பவரின் ஃபைபர் படகு காத்திருந்தது. தை மாதப் பனி. ஆறு இருக்கிற இடமே தெரியவில்லை. தண்ணீர் படகில் மோதும் சத்தத்தை வைத்து ஆறு இங்கேதான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டோம்.

நாற்காலிகளைப் பார்த்ததும் மணிமாறன் முகம் மாறியது.

“இன்னாங்க இது, படகுல சேரு?”

“சாருக்கு முட்டி மடங்காதுப்பா” என்றார் கலியமூர்த்தி.

“ஆத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் சரி. முகத்துவாரம் கிட்ட போனா அலை அடிக்கும். அப்ப அல்லாத்தையும் மடக்கிட்டு கீழ குந்திடணும். சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு, போட்டுக்கொள்ள ஆளுக்கு ஒரு ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கொடுத்தார். பெட்ரோல் கேன் எடுக்கக் கரைக்குப் போனார்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் நாங்கள் எங்கள் புத்திசாலித்தனத்தைக் காட்டினோம்.

கணவருடைய சேரின் கால்களைப் படகின் அடிப்பலகை இடுக்கில் செருகினார் கலியமூர்த்தி. அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. ஆனால் உட்கார்ந்த மனிதர் அசைந்தார். நீட்டிய காலோடு ஒரு பக்கமாகச் சரிந்தார். உடனே கலியமூர்த்தி பையிலிருந்து நைலான் கயிற்றை எடுத்தார். மார்பில் இரண்டு சுற்று, இடுப்பில் இரண்டு சுற்று. பின்னால் கொண்டுபோய் ஒரு முடிச்சு.

“சேஃப்டி பெல்ட் அண்ணி! பயப்படாதீங்க. நான் கட்டிப்புட்டா மெஷினே அசையாது, அண்ணன் எங்க அசையறது?”

சுரங்கத்து ஆட்களுக்கு உயரத்தில் ஏறினால் பெல்ட் போடாமல் இருக்கவே முடியாது. ரத்தத்தில் ஊறிய பழக்கம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கயிற்றின் மேல் ஒரு வெள்ளைப் போர்வையைக் கழுத்து வரை போர்த்திவிட்டேன். உட்காரும்போதே இரும்பு சில்லென்று இருக்கிறது என்றிருந்தார் கணவர்; அவருடைய ஆரஞ்சு ஜாக்கெட்டை மடித்து அடியில் வைத்திருந்தேன், மெத்தென்று இருக்கட்டும் என்று! காதில் பனி ஏறாமல் இருக்க, முதல் ஷிப்டுக்குப் போகும்போது கட்டுவதுபோலத் துண்டைத் தலையோடு சுற்றித் தாடைக்குக் கீழே முடிந்துகொண்டார். வழியில் போட்ட வாந்தி மாத்திரை வேறு. படகு கிளம்பிய பத்தாவது நிமிடம் கண்ணை மூடிவிட்டார்.

மணிமாறன் பின்னால் நின்று எஞ்சினைப் பிடித்திருந்தார். போர்வைக்குள் கயிறு இருப்பது அவருக்குத் தெரியாது.

படகு மெல்லப் போனது. பனிக்குள்ளிருந்து கரை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் கையசைத்தேன். அவர் திருப்பி அசைக்கவில்லை.

கொஞ்ச தூரம் தள்ளி, கூடையோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். கூடையைக் கீழே வைத்துக் கைகூப்பினார்கள். அப்புறம் சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். படகு போகப் போகக் கரையில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றுகொண்டே வந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

“இந்த ஊருக்காரங்களுக்கு எவ்ளோ மரியாத பாருங்கக்கா” என்றாள் செல்வி.

எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எதற்கு இந்த மரியாதை? எங்களை யார் என்று இவர்களுக்குத் தெரியுமா?

அப்போது கரையிலிருந்து ஓர் ஆண் குரல், தண்ணீரைத் தாண்டி வந்தது.

“எந்த ஊருங்க? யாரு தவறிட்டது?”

திரும்பினேன். அவர்கள் கண்ணால் எங்கள் படகைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து ஊர்களில் சில வீடுகளில் இறந்தவரைப் படுக்க வைக்க மாட்டார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க உடம்பைக் கட்டி, வாய் திறக்காமல் இருக்கத் தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டுவார்கள். கழுத்து வரை வெள்ளை. சுற்றிலும் சாவு வீட்டு நாற்காலிகள். அதில் நாங்கள் மூன்று பேர், அவர் முகத்தைப் பார்த்தபடி. படகின் மூக்கில், முந்தின நாள் பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை.

எல்லாமே இருந்தது.

“என்னங்க” என்றேன். பதில் இல்லை.

“என்னங்க!” இல்லை.

மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். காற்று வந்தது. ஆனால் அது அவர் மூச்சா, கடல் காற்றா? அந்த ஈரக் காற்றில் எப்படிக் கண்டுபிடிப்பது? தோளைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. இத்தனை வருடம் சுரங்கத்திலிருந்து ஒரு போன் வந்துவிடுமோ என்று ஒவ்வொரு ஷிப்டுக்கும் பயந்திருக்கிறேன். அந்தப் பயம் ரிட்டயர்மென்ட் அன்றோடு தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மடத்தனம். அது என் கூடவே படகேறி, என் எதிரில் உட்கார்ந்திருந்தது.

“தூங்குறாரு அண்ணி... மாத்திரை...” என்றார் கலியமூர்த்தி. அவர் குரலே அதை நம்பவில்லை.

“முகத்துவாரம் வந்துருச்சு! சேரை மடக்குங்க, கீழ குந்துங்க!” என்று பின்னாலிருந்து மணிமாறன் கத்தினார்.

நாங்கள் மூவரும் நாற்காலிகளை மடக்கிக் கீழே உட்கார்ந்தோம்.

“சாரை எறக்குங்க!”

“கட்டியிருக்குப்பா!”

“இன்னாத்த கட்டியிருக்கு?”

“அண்ணன! சேரோட!”

மணிமாறன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. படகைத் திருப்பினார். பாதி திரும்புவதற்குள் ஓர் அலை பக்கவாட்டில் மோதியது. படகு சாய்ந்தது. அடிப்பலகை இடுக்கிலிருந்து சேரின் கால்கள் கழன்றன. சேர் அப்படியே, ஆளோடு, ஓரத்தை நோக்கி வழுக்கியது. நான் போர்வையைப் பிடித்தேன். போர்வைதான் கையோடு வந்தது. செல்வி அவர் காலைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

கலியமூர்த்தி முடிச்சோடு மல்லுக்கு நின்றார். நனைந்த நைலான் இன்னும் இறுகிவிட்டது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. “அவுரலயே அண்ணி... அவுரலயே...” என்று அழுதார். வாழ்நாளெல்லாம் கயிறு கட்டிய மனிதர், தான் கட்டிய கட்டை அவிழ்க்க முடியாமல் அழுததை நான் பார்த்தேன்.

மணிமாறன் எஞ்சினை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தார். வலை அறுக்கும் கத்தி. ஒரே இழுப்பு, இன்னொரு இழுப்பு. கயிறு விட்டது. கணவர் எங்கள் மேல் விழுந்தார். அடுத்த அலைக்குச் சேர் மட்டும் ஓரத்தைத் தாண்டியது.

அது உடனே மூழ்கவில்லை. நுரைக்கு நடுவே ஒரு கணம் நிமிர்ந்து நின்றது, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல. அறுந்த கயிறு அதன் இடுப்பில் சுற்றியபடியே இருந்தது. அப்புறம் நேராக, மெதுவாக, உட்கார்ந்த வாக்கிலேயே கீழே போனது.

முகத்தில் உப்புத் தண்ணீர் வழிய, என் கணவர் கண் விழித்தார். தாடைக்கட்டைத் தளர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

“என்ன, இடம் வந்துருச்சா?” என்றார்.

அடித்தேன். கை பட்ட இடத்திலெல்லாம் அடித்தேன். அடித்துக்கொண்டே அழுதேன். மணிமாறன் எங்கள் பக்கம் பார்க்காமல் படகைத் திருப்பினார்.

திரும்பி வரும்போது கணவரைப் படகின் அடியில் படுக்க வைத்திருந்தோம், கரைக்குத் தெரியாது. வலைக்காரர் அதே இடத்தில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். படகைப் பார்த்தார். நாற்காலி இல்லை, அதில் உட்கார்ந்திருந்தவரும் இல்லை. கடல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். உட்கார்ந்து வலை பின்ன ஆரம்பித்துவிட்டார். காரியம் முடிந்தது என்பதுபோல.

கூவி அழைத்து, “இவர் இங்கேதான் இருக்கிறார், உயிரோடு!” என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வேனில் குறிஞ்சிப்பாடி தாண்டியதும் கலியமூர்த்திதான் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் கட்டுன கட்டு இதுவரைக்கும் ஒண்ணுகூட அவுந்தது இல்லீங்க அண்ணி.”

“அதாங்க தம்பி எனக்குப் பயம்” என்றேன்.

எங்கள் சுரங்கத்து வீடுகளில் பாதுகாப்புக்குக் குறைவே கிடையாது. ஹெல்மெட்டா, போட்டாச்சு. பெல்ட்டா, மாட்டியாச்சு. மிதக்க வேண்டிய ஜாக்கெட்டை மெத்தையாக்கி, மூழ்கக்கூடிய இரும்போடு மனிதரைக் கட்டிவிட்டு, ‘சேஃப்டி’ என்று நிம்மதியாகச் சிரித்தவர்கள் நாங்கள். கட்டும்போது ‘நல்லா இறுக்கிக் கட்டு’ என்று சொல்ல ஆயிரம் பேர். ‘அவசரத்துக்கு யார் அவிழ்ப்பது?’ என்று கேட்க ஒருவர்கூட இல்லையே! பிள்ளைகளையும் இப்படித்தான் கட்டி வைக்கிறோம் என்று ஆரம்பித்தால், ‘தொடங்கிவிட்டாள்’ என்பீர்கள். வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் காபி போட்டேன். கட்டில் இருந்தது. கலியமூர்த்தி கையில் மிச்சம் மூன்று சேர்களும் இருந்தன. என் கணவர் எதையும் ஏறிட்டுப் பார்க்காமல், அந்த முட்டியை வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். இனிமேல் தரைதானாம்.

காபி முடிந்ததும் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கையை நான் பிடித்தேன், இன்னொரு கையைக் கலியமூர்த்தி, முதுகைச் செல்வி. திணறிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு சார் எட்டிப் பார்த்தார். “நானும் வந்து ஒரு கை பிடிக்கட்டுமா?” என்று செருப்பைக் கழற்றினார்.

“வேண்டாம் சார், மூணு பேரே போதும்!” என்று நான் போட்ட சத்தத்தில் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பின்னே என்னங்க... நாலு பேராகத் தூக்குகிற நாளா அது?