எத்தனை வாட்டுங்க?

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் செய்து விற்கிற தொழிலில், பெட்டி சூடாவதற்கு முன்னால் அதைச் செய்தவன் சூடாகிவிடுவான்.

கடை வைத்து, எதிரே நிற்பவர் சொல்வதற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோற்றுத் தட்டிடம் கோபத்தைக் காட்டிய அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுபதுகளில் விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. துபாய்க்கும் குவைத்துக்கும் போனவர்கள் ஜோடி ஜோடியாக ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவர ஆரம்பித்த காலம். அதை ஓட்டுகிற பவர் ஆம்ப்ளிஃபையரையும் அங்கேயே வாங்கினால் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டு வருவார்கள். “ஊருலயே மலிவா ஒண்ணு பண்ணிக்கலாம்” என்று யாராவது சொல்லி அனுப்புவார்கள். அந்த மலிவு நான்தான்.

செராமிக் கம்பெனி லாரிகள் போய்வருகிற தெரு அது. களிமண் தூசு மாவு மாதிரி பறந்து வந்து வால்யூம் திருகுக்குள் இறங்கிவிடும். திருப்பினால் கரகரவென்று கத்தும். அதற்கும் நான்தான் திட்டு வாங்கினேன்.

மச்சான் வீட்டு வாட்டு

காதர் பாய் கடைவீதியில் ஜவுளி வியாபாரம் செய்தவர். மரியாதையான மனிதர். மகன் துபாயிலிருந்து அனுப்பிய ஸ்பீக்கர்களுக்கு ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்று வந்தார். நானே அவர் வீட்டுக்குப் போய் அறையைப் பார்த்தேன். இரண்டு கட்டில் போட்டால் நடக்க வழியில்லாத அறை. ஸ்பீக்கரைத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்த, மின்தடையைச் சொல்கிற ஓம் கணக்கையும் பார்த்துக்கொண்டேன். “பாய், இந்த ரூமுக்கு ஒரு பக்கத்துக்குப் பதினஞ்சு வாட்டு தாராளம். வாட்டுல போடுற காச நல்ல டிரான்ஸ்ஃபார்மர்ல போடுங்க. ரொம்ப நாளு ஒழைக்கும், இரைச்சலும் வராது” என்றேன். அவரும் கவனமாகக் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுவாரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு கடையில் வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கடைக்காரரும் என்னைப் போல ஊரிலேயே பெட்டி செய்கிறவர்தான். என்னைவிடச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டு, முன்பக்கம் தங்க எழுத்தில் இருநூறு வாட் என்று எழுதிவிடுவார். எழுதுவதற்குத் தனியாக மின்சாரம் வேண்டாமே. வழியில் பார்த்தபோது காதர் பாய் கூச்சப்படவே இல்லை. என் தோளில் கை வைத்துச் சொன்னார்: “தம்பி, நீ சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா என் மச்சான் வூட்டுல நூறு வாட்டு இருக்குது. அதுக்குக் கம்மியா நான் எப்படி வைக்கிறது, நீயே சொல்லு.”

முள் ஆடவில்லை

செராமிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர் ஒருவர் என் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். கனமாக இருப்பது நல்லது, உள்ளே செம்புக் கம்பி நிறையச் சுற்றியிருக்கிறது, பின்னால் சூட்டை இழுக்கிற அலுமினியத் தகடு பெரிதாக இருக்கிறது என்றெல்லாம் விளக்கினேன். பாட்டும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். “நல்லா இருக்குதுங்க” என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. கண்ணைத் திறந்தவர் பெட்டியின் முகத்தைப் பார்த்தார். அங்கே இரண்டு திருகும் ஒரு சுவிட்சும்தான் இருந்தன. “பாட்டுக்கு ஏத்த மாதிரி முள்ளு ஆடுமே, அது எங்க?” என்றார். அந்த மீட்டர் முள் வெறும் அலங்காரம், அதற்குக் கொடுக்கிற காசு தண்டம் என்றேன். ஒரு மாதிரி பரிதாபமாக என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். போகும்போது சொன்னது: “முள்ளு ஆடலன்னா, வூட்டுக்கு வர்றவங்களுக்குப் பாட்டு ஓடுதுன்னு எப்படிங்க தெரியும்?”

அண்ணன் பக்கம், தம்பி பக்கம்

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு அண்ணன் தம்பி. பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டின் நடுவே சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமன், சமாதானம் ஆகட்டும் என்று இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ஜோடி ஸ்டீரியோ ஸ்பீக்கர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதையும் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபையர் இரண்டு வாங்கினால் செலவு என்று ஒன்றை வாங்கிச் சுவரில் துளை போட்டுக் கம்பியை விட்டுவிடச் சொன்னார்கள். ஸ்டீரியோ என்றால் இடது பெட்டியில் ஒன்று வரும், வலது பெட்டியில் ஒன்று வரும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பாட்டு முழுசாகும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். இரண்டையும் கலந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறபடி மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. “கலக்கிற வேலையே வேணாம். அவன் பங்கு அவனுக்கு, என் பங்கு எனக்கு” என்றார்.

ஓட்டினால், தம்பி பக்கம் பாட்டுக்காரியின் குரல், அண்ணன் பக்கம் வயலினும் தபேலாவும். மறுநாள் காலையில் அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவே இல்லை. நான் ஸ்டீரியோவை மறுபடி முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “வெளக்கம்லாம் வேணாம். பாட்டுக்காரி அவன் பக்கம் மட்டும் பாடுறா. நீ அவன்கிட்ட எவ்ளோ வாங்கினே?”

வீடு என்றால் வீடு

நல்லூர்க்காரர் ஒருவருக்கு ஆம்ப்ளிஃபையர் விற்றபோது, இது வீட்டுக்கு மட்டும்தான், விசேஷத்துக்கெல்லாம் தாங்காது என்று சொல்லியே கொடுத்தேன். அறுவடை முடிந்ததும் கருகின பெட்டியோடு வந்து நின்றார். மகள் கல்யாணத்துக்குத் தென்னை மரத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டி, அத்தனையையும் இதில் மாட்டியிருக்கிறார். தாலி கட்டுகிற நேரத்தில் புகை வந்திருக்கிறது. சம்பந்திகள் அபசகுனம் என்று முணுமுணுத்தார்களாம். வீட்டுக்கு மட்டும் என்று சொல்லித்தானே கொடுத்தேன் என்றேன். மனிதருக்குக் கண் சிவந்துவிட்டது. “கல்யாணம் எங்க நடந்துச்சு? வூட்டுலதானே நடந்துச்சு!”

தெளிவான சத்தம்

சிரிக்கிற மாதிரி இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும்.

ரஹீம் பாய் அரிசி மண்டியில் கணக்குப் பார்த்தவர். மகன் சலீம் குவைத்தில் ஆபீஸ் உத்தியோகத்தில் இருப்பதாக ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வார். கடிதத்துக்குப் பதிலாகச் சலீம் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். மருமகள் மெஹரூன் சின்ன டேப் ரிகார்டரைக் காதோடு வைத்து முதலில் கேட்டுவிட்டு, பிறகு மாமனார் மாமியாரிடம் வந்து சேதியைச் சொல்லும். அந்தப் பெட்டியில் குரல் கொசு பறக்கிற மாதிரி இருக்கும், வேறு யாருக்கும் புரியாது. “என் புள்ள குரல நான் எப்பத்தான் நல்லா கேக்குறது?” என்று ரஹீம் பாய் என்னிடம் வந்தார். மகன் போன லீவில் கொண்டுவந்து வைத்த ஸ்பீக்கர்கள் சும்மா கிடந்தன. அவர் சக்திக்குத் தகுந்த மாதிரி ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் செய்தேன். முள் இல்லை, விளக்கு இல்லை. மனிதக் குரல் சுத்தமாக வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். நான் செய்ததிலேயே அதுதான் நல்ல பெட்டி.

வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தபோது, அன்று காலையில்தான் வந்திருந்த கேசட்டை பாய் எடுத்து நீட்டினார். உள்ளேயிருந்து மெஹரூன் ஓடிவந்து, “மாமா, நான் மொதல்ல கேட்டுடுறேனே” என்றது. “எல்லாரும் சேந்தே கேப்போம்மா” என்று, ஆம்ப்ளிஃபையரில் நான் இணைத்திருந்த டேப் ரிகார்டரில் கேசட்டைப் போட்டு அவரே பொத்தானை அழுத்திவிட்டார். இரண்டு பெட்டியிலிருந்தும் சலீம் அந்த அறைக்குள் வந்து நின்ற மாதிரி பேசினான். “மெஹரூ, கை இன்னும் ஆறல. தாரு ஊத்துற வேல, வெயில்ல தோலு உரிஞ்சு போவுது. அத்தாகிட்ட எப்பவும் போல ஆபீசு வேலன்னே சொல்லு. அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு.” அவன் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. மெஹரூன் கதவோரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. பாயின் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நிறுத்துவதற்கு நான் கையை நீட்டினேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

கேசட் முடிந்த பிறகும் ஸ்பீக்கர்களில் துளி இரைச்சலும் இல்லை. நான் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டேன். வாசல்வரை என்னோடு வந்த ரஹீம் பாய், செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “தம்பி, இவ்ளோ தெளிவா கேக்காத மாதிரி ஒண்ணு கெடைக்குமா?”

ஜப்பான்

என் தங்கை வசந்தாவுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் மாப்பிள்ளை பார்த்தோம். மற்றதெல்லாம் பேசி முடித்த பிறகு, மாப்பிள்ளையின் அப்பா ஸ்டீரியோ செட்டு ஒன்று வேண்டும் என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஊருக்கெல்லாம் சிக்கனமாகச் செய்தவன், தங்கைக்கு ஒரு குறையும் வைக்காமல் செய்தேன். சென்னைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்த டிரான்சிஸ்டர்கள், தேக்கு மரப்பெட்டி. மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் வைத்து ஓட்டிக் காட்டினேன். பாட்டு முடிகிறவரை மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலையைக்கூட மெல்லவில்லை. பிறகு பெட்டியைச் சுற்றிவந்து எழுத்தைத் தேடினார். “எந்த ஊரு சரக்கு?” என்றார். நானே செய்தது என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. “தம்பி, நல்லாத்தான் பாடுது. ஆனா எங்க சொந்தக்காரங்கள்லாம் வந்து பாப்பாங்க. ஜப்பான்னு எழுதிக் குடுத்துடுங்களேன்” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தேன். மாட்டேன் என்று அம்மாவிடம் கத்தினேன். சம்பந்தமே வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். வசந்தா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் கடைக்கு வந்து, வெள்ளைப் பெயிண்டு டப்பாவையும் சின்ன பிரஷ்ஷையும் அதுவே எடுத்து என் முன்னால் வைத்தது. “எழுதிக் குடுத்துடுண்ணே. அந்த வூட்டுல இருக்கப் போறது நான்தானே.”

பெட்டிக்குள் கேட்கிற இரைச்சலை நீக்கக் கடைவீதியில் பார்ட்ஸ் கிடைக்கிறது, பெட்டியைச் சுற்றி நிற்பவர்களின் இரைச்சலுக்குத்தான் எந்த நாட்டுக்காரனும் இன்னும் ஒன்றும் செய்து அனுப்பவில்லை.