ஆபீஸ் கம்ப்யூட்டர்தான் அசலா?

முன்னறையிலிருந்து பக்ருதீனின் சமாளிப்புச் சிரிப்பு கேட்டது. பின்னாலேயே அந்த வார்த்தையும் வந்தது.

"வீட்ல குறிச்சு வைக்க மறந்துட்டாங்க டீச்சர்."

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த குர்ஷித் பேகத்தின் கை நின்றது. மறந்துவிட்டாளாம்! அவளா?

திருவண்ணாமலையில் வேன் வாடகைக்கு விடும் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதே அவள் பி.ஏ. ஆங்கிலம் முடித்தவள். அந்தப் படிப்புக்கு வேலை கிடைத்தது இன்டர்நெட் வந்த பிறகுதான். வெளியூர் மெயில்களுக்கெல்லாம் அவள்தான் பதில் எழுதினாள். எந்த நாளில் வேன் யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் காலண்டரில் ஏற்றினாள். காய்ச்சலிலும் விட்டதில்லை, பிரசவத்துக்கு முந்தின நாளும் விட்டதில்லை. பெயர்ப்பலகையில் மட்டும் கணவர் பக்ருதீனின் பெயர்!

2006-இல் பக்ருதீன் முன்னறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழையது அவளோடு சேர்ந்து சமையலறைப் பக்கத்து அறைக்குத் தள்ளப்பட்டது. அன்று பிடித்தது சனியன். ஒன்றில் இறங்கிய மெயில் மற்றதில் வராது. காலண்டரும் இரண்டாகிப் போனது. தினமும் இரண்டையும் ஒப்பிட்டு, இதில் விட்டதை இதிலும் அதில் விட்டதை அதிலும் அவளே கையால் ஏற்றினாள். "நீங்க எதையும் தொடாதீங்க" என்று கெஞ்சியும் சொல்லியிருந்தாள்.

இப்போது கையைக் கூடக் கழுவாமல் ஓடித் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நேற்று அவள் ஏற்றிய எதையும் காணோம். முன்னறைக் காலண்டர்தான் அச்சாக அங்கே உட்கார்ந்திருந்தது.

முன்னறையில் ஆதிலட்சுமி டீச்சர் பையோடு நின்றிருந்தார். வேலூரில் இன்று அவருக்குக் கண் ஆபரேஷன். வேன் வேண்டுமென்று துபாயிலிருந்து அவர் மகன் நேற்றுதான் மெயில் போட்டிருந்தான். குர்ஷித் சரியென்று பதில் எழுதித் தன் காலண்டரில் ஏற்றியிருந்தாள். முன்னறையில் ஏற்றுவதுதான் பாக்கி.

"என் காலண்டரை அழிச்சீங்களா?"

"அழிக்கலியே. நேத்து ரெண்டையும் ஒண்ணாக்குனேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கறதுதானே அசல்? அதை உன்னுது மேல போட்டேன். இன்னிக்குக் காலின்னு காட்டுச்சு. பௌர்ணமிக்கு வர்ற மெட்ராஸ் பார்ட்டிக்கு வண்டியைப் பேசிட்டேன்."

அசலாம்! இத்தனை வருட உழைப்பு நகலாம்!

"ஏம்பா, எனக்கு ஒரு கண்ணுதான் தெரியல. ரெண்டு கம்ப்யூட்டர் வெச்சிருந்துமா உனக்குத் தெரியல?" என்றார் டீச்சர்.

"கோச்சுக்காதீங்க டீச்சர். நாளைக்கு நானே கூட்டினு போறேன்."

"இந்தத் தேதியை விட்டா அடுத்த மாசம்னுட்டாங்களே!" டீச்சரின் குரல் உடைந்தது.

குர்ஷித் வாசலுக்கு வந்து டிரைவரைக் கூப்பிட்டாள். "பாசில், வேலூருக்கு வண்டியை எடு."

"அப்ப விழுப்புரம் ஸ்டேஷன்ல வந்து நிக்கற மெட்ராஸ்காரங்க?" பக்ருதீன் பதறினார்.

"அவங்க மலை சுத்தப் போறது சாயங்காலம். இன்னிக்கு பௌர்ணமி, அங்கருந்து பஸ்ஸும் ஜாஸ்தி. டீச்சரை இடிச்சுக்கினு பஸ்ல போகச் சொல்றீங்களா?"

"நான் என்னான்னு சொல்லுவேன்?"

"போன் போட்டு, தப்பு என்னுதுன்னு சொல்லுங்க. 'வீட்ல மறந்துட்டாங்க'ன்னு ஒரு வார்த்தை வந்துது, இனிமே ஒரு மெயிலுக்கும் நான் பதில் எழுத மாட்டேன்."

டீச்சர் குர்ஷித்தின் கன்னத்தைத் தொட்டார். "நீ மறக்கறவ இல்லன்னு எனக்குத் தெரியும்மா."

அதுவரை தேக்கிவைத்த கண்ணீர் அப்போதுதான் வழிந்தது. டீச்சரைக் கைபிடித்து வேனில் ஏற்றிவிட்டாள். வேன் தெருமுனை திரும்பியது. உள்ளே பக்ருதீன் போனை எடுத்து, "தப்பு என்னுதுதாங்க" என்று தொடங்கினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசற்கதவைச் சாத்தினாள்.