புட்டுப் பலகையில் கொக்கி மாட்டியவர்

செவ்வாய்க்கிழமை மதியம் குற்றாலம் பஸ் என் இரும்புக்கடை வாசலில் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "லாட்ஜு அண்ணாச்சி போயிட்டாவ, அண்ணாச்சி. சாயங்காலமே எடுக்காவளாம்" என்றார். விசில் கொடுத்துப் போயும்விட்டார். நான் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். வாங்க வந்தவரை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

வேலாயுத அண்ணாச்சியோடு நீங்களும் பழகியிருப்பீர்கள். குற்றாலத்தில் அவர் லாட்ஜில் தங்கியிருப்பீர்கள், அவரிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். எனக்கு அவர் நெருக்கமானது ஒரு கொக்கிச் சண்டையில்.

பல வருஷத்துக்கு முன், அருவி சீசன் தொடங்கும் நேரத்தில் எல்லா அறைக்கும் புது அலமாரி வாங்கிப் போட்டார். மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. பார்க்கப் பளபளவென்று இருக்கும். அருவியில் குளித்து வருகிறவர்கள் ஈரத்துணியைப் பிழியாமல் அப்படியே அலமாரிக் கொக்கியில் போடுவார்கள். இரண்டே நாளில் கொக்கி கையோடு வந்துவிடும். அண்ணாச்சி அதைவிடப் பெரிய ஆணியாக அடிப்பார். ஓட்டையும் பெரிதாகும், பலகை புட்டு மாதிரி உதிரும்.

"ஓய், உம்ம ஆணிக்கு மானமே இல்லையா?" என்று கடைக்கே வந்து கத்தினார். பலகை வாங்கியது தப்பு என்று மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

கத்தலுக்குக் காரணம் இருந்தது. கட்டடம் அவருடைய மாமனாருடையது. மாமனார் கீழப்பாவூரில் வயலும் தோப்புமாக இருந்தவர். "இந்த சீசன்ல வந்து பாப்பேன். சரியில்லன்னா பூட்டிட்டு வந்து வயலப் பாரும்" என்று சொல்லியிருந்தார். அண்ணாச்சிக்கு அந்த லாட்ஜ்தான் உயிர்.

இரண்டு பேருமாக யோசித்தோம். ஆணியை விட்டுவிட்டுப் பலகையை மறுபக்கம் வரை துளைத்தோம். பின்பக்கம் ஒரு தேக்குக் கட்டை கொடுத்து, போல்ட்டை விட்டு, வாஷர் போட்டு நட்டை முடுக்கினோம். ஒவ்வொரு கொக்கியிலும் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை. "முன்னால என்ன மினுக்கினாலும், பின்னால பிடிக்க ஆளு வேணும் ஓய்" என்றார். பிறகு எதற்கெடுத்தாலும் இதையேதான் சொல்வார்.

மாமனார் வந்த அன்று நானும் லாட்ஜில் இருந்தேன். செங்கோட்டையில் வாங்கிய முழுப் பலாப்பழம் ஒன்று அவர் கையிலிருந்த சாக்குப்பையில் இருந்தது. அறைக்குள் நுழைந்தவர் அதைத் தரையில் வைக்கக்கூடாதா? அலமாரியின் பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டினார். கொக்கி நின்றது. அலமாரி சாய்ந்தது.

நான் வாசல் பக்கம் தாவினேன். அண்ணாச்சி உள்ளே பாய்ந்து, மாமனாரை ஒரு கையால் தள்ளிவிட்டு, அலமாரிக்கு முதுகைக் கொடுத்தார். கூனிக்கொண்டு நின்றபடியே, "மாமா, கொக்கி வரல பாத்தேளா!" என்றார்.

"கொக்கி எங்கவே வரும்? அலமாரில்லா வருது!" என்று மாமனாரும் ஓடிவந்து பிடித்தார். நிமிர்த்தி வைத்தபின் சிரித்தார் பாருங்கள், இருமல் வரும்வரை சிரித்தார். அப்புறம் என்னிடம், "விழுததுக்கு முதுகு குடுக்கான். லாட்ஜு இவன்கிட்டயே கெடக்கட்டும்" என்றார்.

மற்ற அலமாரிகளைச் சுவரோடு சேர்த்து இறுக்கினோம். சாய்ந்ததை மட்டும், "உம்ம போல்ட்டாலதான் விழுந்திச்சு, நீரே வச்சிக்கிடும்" என்று தென்காசிக்கு என் வீட்டுக்கு ஏற்றிவிட்டார். மறுநாள் அவரே வந்து சுவரில் பொருத்தியும் கொடுத்தார். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கூப்பிடாமலே வந்து நின்றவரும் அவர்தான். அப்படி ஒரு மனிதர் இனி எனக்குக் கிடையாது.

செவ்வாய் மாலை தகனம் முடிந்து, ஆற்றில் முங்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஈர வேட்டியைப் பிழியத் தோன்றவில்லை. அந்த அலமாரிக் கொக்கியிலேயே போட்டேன். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கொக்கிதான். கையால் இழுத்தும் பார்த்தேன்.

கொக்கி வரல, அண்ணாச்சி.